பழஞ்சாரமும் யப்பானியத் தையலும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டவேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இன்றும் சொல்லிக்கொடுத்து வருகிறோம். கசக்குவதற்கு முன்னே அக் கந்தையைத் தைத்துக் கட்டத்தக்கதாக்கிய கை யாருடையது என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே ஏற்படவில்லை. அண்மையில் பள்ளிவாசல்துறையில் ஒரு தையற் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த நாள்முதலாக இக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஆசிரியரும் மாணவரும் படிக்கும் இப் பக்கத்தில் அதனை எழுதிவைப்பது தகும் என்று கருதுகிறேன்.

பள்ளிவாசல்துறை கற்பிட்டிக் குடாநாட்டைச் சேர்ந்த கரையோரக் கிராமம். ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்புமாக நீண்டு கிடக்கும் அக் குடாநாட்டில் மீன்பிடியே பலருக்குச் சீவனோபாயம். மணற்றரையில் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோரும் உளர். அக் கிராமத்து இளம்பெண்கள் சிலருக்குச் சுயதொழிற் பயிற்சியாக 'யப்பானிய ஒட்டுத்தையல்' கற்பித்து, பயிற்சி முடிவில் அவர்தம் கைவேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பார்த்துக் கருத்துரைக்கும்படி என்னையும் அழைத்திருந்தனர். தையற்கலையில் எனக்குப் பயிற்சி கிடையாது. துணியின் வரலாற்றில் ஓரளவு ஈடுபாடு உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

வேலைப்பாட்டிற் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. கருநீலத் துணித்துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்து, உள்ளே மெல்லிய பஞ்சுப் படலம் வைத்து, வெள்ளை நூலால் ஓட்டத்தையல் இட்டிருந்தார்கள். ஊசி மேலும் கீழுமாக ஓடிச் செல்லும் அந்த எளிய தையலைக் கொண்டே அலையும் மீன்செதிளும் சணலிலையும் போன்ற வடிவங்களை எழுப்பியிருந்தார்கள். ஆயினும் ஒன்று என் மனத்தை உறுத்தியது. துணி முழுவதும் புதியது. கைத்தறியில் நெய்து நீலத்தில் தோய்த்தது போலத் தோன்றும்படி ஆலையில் அச்சடிக்கப்பட்டு, கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக வருவிக்கப்பட்டது. அதனை வெட்டினார்கள், வெட்டியதை மீண்டும் ஒட்டினார்கள். எஞ்சியதை வீணாக்காத யப்பானிய உழவர் பெண்ணின் சிக்கனத்தைக் கற்பிப்பதற்காக முழுத்துணியொன்று துண்டாயிற்று. பயிற்சியாளர் அச் சிக்கனத்தைப்பற்றி உருக்கமாகப் பேசினார். எல்லாரும் கைதட்டினர்; நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்தபின், பரிசு பெற்ற மாணவிகளுள் ஒருத்தி தன் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திச் செல்லவேண்டுமென்று வற்புறுத்தினாள். சென்றேன். முன்னறையிற் கிடந்த கட்டிலிற் பாயொன்று விரித்திருந்தது. பாயின் கீழே மற்றொரு விரிப்பின் ஓரம் சிறிது தெரிந்தது. பல நிறம், பல கட்டம், நெருக்கமான தையல். அதனைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவளுடைய உம்மம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"அது பழஞ்சாரம் மாஸ்டர். அத என்னத்துக்குப் பார்க்கிறீங்க? புள்ளைட வேலையப் பாருங்க" என்று சொல்லிப் பாயை இழுத்து அந்த ஓரத்தை மறைத்தார்.

பேத்திதான் பாயை நீக்கி எடுத்துக் காட்டினாள். கிழிந்த சாரங்களை மூன்று நான்கு அடுக்காக வைத்துத் தைத்த விரிப்பு அது. நீலமும் வெள்ளையுமான கட்டம், பச்சையும் அரக்குமான கட்டம், பாடசாலைச் சீருடையின் வெள்ளைத்துண்டு, பூப்போட்ட திரைச்சீலையொன்றின் மிச்சம். ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிவரியாகத் தையல் ஓடியிருந்தது. ஓரங்கள் வலை பொத்தும் நைலோன் நூலால் உறுதிசெய்யப்பட்டிருந்தன. நடுவிலே வெளிறிப்போன கருநீலக் கட்டச் சாரமொன்று பெரிய துண்டாக இருந்தது. அதைச் சுற்றியே மற்றவை யாவும் வந்து சேர்ந்திருந்தன.

அந்த மூதாட்டி மன்னார்த் தீவிற் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கின. இவருடைய குடும்பமும் அவற்றுள் ஒன்று. மாற்றுடைகளைப் பொதிந்து கட்டிக்கொண்டு வந்தது அவருடைய கணவரின் சாரம். பின்னர் அவர் அதை உடுத்தார், உடுத்துக் கிழிந்தது, எறிவதற்கு மனம் வரவில்லை. நடுவில் வைத்துத் தைக்கத் தொடங்கினார். தேய்ந்த இடத்தில் ஒட்டு ஏறியது. அவ்வொட்டும் தேய்ந்தபோது அதன்மேல் இன்னொன்று ஏறியது. எப்போது தைத்து முடித்தீர்கள் என்று கேட்டேன்.

"முடியல்லையே மாஸ்டர். கிழியக் கிழியத் தைக்கிறதுதானே" என்றார்.

பேத்திக்குக் கற்பிக்கப்பட்ட யப்பானியத் தையலின் பிறப்பும் இதுவேதான். யப்பானின் வடகிழக்குப் பகுதி கடுங்குளிர் நாடு. பருத்தி அங்கு விளைவதில்லை. உழவர் சணல்நாரால் நெய்த துணியை உடுத்தனர். அது காற்றைத் தடுக்காது. பருத்தித்துணி தெற்கிலிருந்து கப்பலில் வரவேண்டும். அப்படி வந்ததிலும் ஏழைக்குக் கிட்டியது நகரத்தார் உடுத்துக் கழித்த பழந்துணியே. அத் துண்டுகளைப் பெண்கள் சணற்றுணியின்மேல் அடுக்கி, இடைவெளி தெரியாமல் ஊசியோட்டி, உடையும் போர்வையும் படுக்கையுமாக்கினர். தாய் தைத்ததன்மேல் மகள் தைத்தாள். மகள் தைத்ததன்மேல் பேத்தி தைத்தாள். அத் தையலுக்குச் 'சஷிக்கோ' என்று பெயர். சிறு குத்து என்பது பொருள். அப்படித் தைத்த பொருளை 'போரோ' என்றனர். கந்தல் என்பதே அதன் பொருள். நம் மூதாட்டி 'பழஞ்சாரம்' என்று சொன்னபோது அவர் குரலிலிருந்த கூச்சம் அச்சொல்லிலும் இருக்கிறது.

நாடு செல்வம் பெற்றபின் அவ்வூர் மக்கள் தங்கள் வீட்டுப் போரோக்களைப் பிறர் கண்ணிற் படாமல் ஒளித்தார்கள், எரித்தவர்களும் உண்டு. அவோமொரி மாநிலத்தைச் சேர்ந்த தனாக்கா சூசபுரோ என்பார் (1933-2013) ஊரூராகச் சென்று, வீட்டுக்காரர் வெட்கப்பட்டதைப் பொருட்படுத்தாமல் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அவர் சேர்த்தவற்றுள் 786 தையலாடைகள் 1983இல் அரசினாற் பாதுகாக்கப்படும் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. தோக்கியோ நகரின் அசக்குசாவில் 2009 முதல் 2019 வரை இயங்கிய நூதனசாலையொன்றில் அவருடைய போரோக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. இன்று பள்ளிவாசல்துறை வரைக்கும் அத் தையல் வந்து சேர்ந்திருக்கிறதென்றால், ஒரு மனிதர் கந்தலைக் கேட்டு வாங்க வெட்கப்படாததும் அதற்கு ஒரு காரணமாகும்.

நீல நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். யப்பானியத் தையல் என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்தக் கருநீலம். அங்கு அதற்குப் பயன்படும் செடி வேறு, நம் அவுரி வேறு. தொக்குஷிமாப் பகுதியினர் இலையை உலர்த்தி, நீர் தெளித்துக் கிளறிக் கிளறி மாதக்கணக்கில் மக்கவைத்து, பின் சாம்பல் நீரிற் புளிக்கவிடுவர். தமிழ்நாட்டில் அவுரியை நீரில் ஊறவைத்துப் புளித்ததும், அந்நீரைக் காற்றுப்படும்படி அடித்து, அடியிற் படியும் நீலத்தை எடுத்துக் கட்டியாக்குவர். வழி வேறாயினும் வண்ணப்பொருள் ஒன்றே. தாழியிலிருந்து எடுக்கும்போது துணி பசுமஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். இதனை ஒருமுறை கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். நம் 'நீலம்' என்ற சொல்லே அரபியர் வழியாகச் சென்று போர்த்துக்கேயரின் 'அனில்' ஆயிற்று. அதிலிருந்து 'அனிலீன்' என்ற இரசாயனப் பெயர் பிறந்தது. 1897இல் ஜேர்மனியர் தொழிற்சாலையிற் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். சிறிது காலத்துள் அவுரி வயல்கள் சுருங்கின. வங்காளத்து உழவர் 1859இல் அவுரி பயிரிட மறுத்துக் கிளர்ந்ததையும், 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதையும் படித்தவர்கள் அந் நீலத்தை வெறும் அழகென்று எண்ணமாட்டார்கள். பள்ளிவாசல்துறை மூதாட்டியின் சாரத்திலிருந்த நீலம் அவுரி நீலமன்று, ஆலைச்சாயம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. கண்காட்சித் துணியின் நீலமும் ஆலைச்சாயமே.

ஆனால் அந்தக் கட்டச் சாரத்துக்கும் யப்பானுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. கோடிட்ட துணியை யப்பானியர் 'ஷிமா' என்பர். தீவுக்கும் அம்மொழியில் அதே ஒலி. தெற்குத் தீவுகள் வழியே வந்தமையால் அப்பெயர் ஏற்பட்டதென்பது அங்கு வழங்கும் விளக்கம். அத்தகைய துணிகளுட் சிறந்த ஒன்றுக்கு 'சன்தோமே' என்று பெயர். சன்தோமே வேறெதுவுமன்று, சென்னை மயிலாப்பூரின் சாந்தோம். சோழமண்டலக் கரையில் நெய்த கோட்டுத் துணி, போர்த்துக்கேயர் வைத்த அவ்வூர்ப் பெயரோடு யப்பானுக்குப் போயிற்று. 1641இலிருந்து நாகசாக்கித் துறையிலுள்ள தெஷிமா என்ற சிறு தீவில் வாணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர் ஒல்லாந்தர் மட்டுமே. அவர்களுடைய கப்பல்களே பிறகு அத் துணியைக் கொண்டு சென்றன. யப்பானிய நெசவாளர் அதைப் பார்த்துத் தாமும் நெய்தனர். நெய்தபின்னும் பெயரை மாற்றவில்லை. அதே ஒல்லாந்தர்தாம் கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டினார்கள் என்பதை அங்குள்ள பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம்.

சாரத்துக்கு வருவோம். கட்டம்போட்ட சாரத்தைப் 'பழையகாட்' என்று கடைக்காரர் கூறக் கேட்டிருப்போம். ஒல்லாந்தர் கோட்டையிருந்த சோழமண்டலத்துப் பழவேற்காட்டின் பெயரே அவ்வாறு திரிந்தது. மலாய் நாட்டிலும் அப்பெயர் வழங்குகிறது. ஆக, நம் கரைத் துணிகள் சென்ற இடமெல்லாம் ஊர்ப்பெயரைச் சுமந்து சென்றிருக்கின்றன. அத் துணி கிழிந்து, ஒரு பெண்ணின் கையில் ஒட்டாகி, விரிப்பாகும்போதுதான் பெயரை இழந்துவிடுகிறது. அந்த விரிப்பை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள் என்று நான் பேத்தியைக் கேட்டேன். "விரிக்கிறது" என்றாள். வங்காளத்தார் தங்கள் பழஞ்சேலைத் தையலைக் 'காந்தா' என்று பெயரிட்டுப் போற்றுகிறார்கள். குருசதய் தத்தர் (1882-1941) அவற்றைத் தேடிச் சேகரித்தார். கந்தை என்னும் நம் சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. அங்கு பெருமையான சொல் இங்கு ஏச்சாயிற்று. மணிமேகலையும் சீறாவும் படிக்கும் நாம் இப்படி ஆனது வியப்புத்தான். புத்த பிக்குவின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைப்பது. மகத நாட்டு வயல்வரப்புகளைப் பார்த்து அதன் வடிவை வகுத்ததாக விநய நூல் சொல்லும். நபிகள் நாயகம் தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா அறிவித்திருக்கிறார். ஒட்டு இழிவென்று நமக்கு எந்த மறையும் கற்பிக்கவில்லை.

இதையெல்லாம் சக ஆசிரியர் ஒருவரிடம் கூறியபோது அவர் கோபித்துக்கொண்டார். "வறுமையைக் கலையென்று சொல்லத் தொடங்கிவிட்டீர்களா? அந்த அம்மாவிடம் பணமிருந்தால் கடையில் நல்ல விரிப்பு வாங்கியிருப்பார். வாங்க முடியாததை நீங்கள் ஏன் போற்றுகிறீர்கள்?" என்றார். அவர் சொன்னதிற் பெரும்பகுதி உண்மை. வடயப்பானிய உழத்தியும் குளிர் தாங்கும் புதுத்துணி கிடைத்திருந்தால் கந்தலைத் தொட்டிருக்கமாட்டாள். போரோவைக் கண்ணாடிச் சட்டத்துள் வைத்துப் பார்த்து அவளுடைய எளிமையை வியப்பவர்கள் அவளோடு ஒரு மாரிகாலம் கழித்தவர்களல்லர். அகதிக் கொட்டிலிற் பாய் நனைந்த இரவுகளை நானும் அனுபவித்தவனல்லேன். ஆகவே இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் உண்டு.

என்றாலும் நண்பர் கூற்றுக்கு என் மறுமொழி இது. சாரங்களை நான்கடுக்காக வைத்தது இல்லாமையால். எந்தச் சாரத்தை நடுவில் வைப்பது என்று முடிவுசெய்தது இல்லாமையாலன்று. அந்த முடிவை அவர் எடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன்படியே ஒட்டை வைத்து வந்திருக்கிறார். வெளிறிய நடுத்துண்டின்மேல் ஒருமுறையேனும் வேறு துணி ஏற்றியதில்லை. ஓரத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டாகத் தடித்துப்போன அவ்விரிப்பு நடுவில் மட்டும் மெல்லியதாயிருப்பதைத் தடவிப் பார்த்தால் அறியலாம். நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி அந்தத் துண்டைக் காத்திருக்கிறாரே தவிர மூடவில்லை. இதைப் பார்த்தும் 'ஏழைகள் கந்தலைத் தைப்பது இயல்பு' என்று சொல்லிக் கடந்துவிடுவது, அவருடைய வறுமைக்கு மேலே நாம் ஏற்றிவைக்கும் இன்னொரு சுமை.

யப்பானியத் தையலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டாமென்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். அத் தொழில் அவர்களுக்கு வருவாய் தருமாயின் மகிழ்ச்சியே. கற்பித்தவர்கள் அடுத்த அறையை எட்டிப் பார்த்திருக்கலாம் என்பதே என் முறையீடு. அதே ஓட்டத்தையலை அறிந்த ஒருவர் அங்கேயே பாயின்மேல் உட்கார்ந்திருந்தார். பேத்திக்கோ, தான் கற்றது வேறு, உம்மம்மா செய்வது வேறு. கண்காட்சிக்கு வந்திருந்த அந்த மூதாட்டி தம் பேத்தியின் தையலைத் தடவிப் பார்த்து, 'இது எந்த நாட்டு வேலை' என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

மற்றொரு அச்சமும் எனக்குண்டு. மேல்நாடுகளிற் பழைய போரோக்கள் இப்போது பெருவிலைக்கு விற்கின்றன. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். தைத்தவள் பெயர் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. தெரிந்தவர் பெயர் விற்றவருடையது. கற்பிட்டிக்கு இப்போது காற்றுக்காலத்திற் பட்டச்சறுக்கு விளையாடவும் ஓங்கில் பார்க்கவும் அயல்நாட்டவர் பலர் வருகின்றனர். அவர்களுள் ஒருவருக்கு ஒருநாள் இப் பழஞ்சாரம் கண்ணிற் படும். நல்ல விலை கொடுத்தாற் கொடுக்கட்டும். பிள்ளையின் படிப்புக்கு உதவும். ஆனால் மன்னாரிலிருந்து வந்த பொதி எது என்பதை யாரும் எழுதிவையாமல் அது விமானம் ஏறிவிடுமாயின், எஞ்சுவது அழகிய நீலத்துணியொன்று மட்டுமே. அச்சுத்துணியிலும் அவ்வழகு உண்டு.

ஆகையாற் சேகரிப்பதற்கு முன்னே எழுதவேண்டும் என்கிறேன். இதற்கு நூதனசாலை வேண்டியதில்லை; மாணவரும் ஒரு கொப்பியும் போதும். தையற் பாடமோ வரலாற்றுப் பாடமோ எடுக்கும் ஆசிரியர், தம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டிலுள்ள ஒட்டுவிரிப்பு ஒன்றைப் பார்த்து எழுதிவரச் சொல்லலாம். தைத்தவர் யார், எந்த ஆண்டளவில், ஒவ்வொரு துண்டும் யாருடைய உடை, அவர் இப்போது எங்கே. ஏணை கட்டிய சேலையும் அதில் இருக்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் சாரமும் இருக்கும். வீட்டார் விரும்பாததை எழுதக்கூடாது. விரிப்பைத் தரும்படி கேட்கவும் கூடாது. கட்டுரை எழுதுதல் என்று 'நான் கண்ட கனவு' என்னும் தலைப்பை ஆண்டுதோறும் கொடுக்கிறோமே, அதற்குப் பதிலாக இது இருந்தால் பிள்ளைகளின் தமிழுக்கும் கேடில்லை. காட்சிக்கு வைப்பதானால் பின்னர் வைக்கலாம், அதுவும் வீட்டாரின் சம்மதத்தோடு.

நானே அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பார்த்தேன். அடுத்த கண்காட்சியில் பேத்தியின் வேலைக்குப் பக்கத்தில் உங்களுடையதையும் வைக்கலாமா என்றேன். மூதாட்டி சிறிதுநேரம் யோசித்தார்.

"கொண்டு போங்க. மஃரிபுக்கு முன்ன கொண்டு வந்துடுங்க. ராவைக்கு விரிக்கணும்" என்றார்.

ஒழுங்குசெய்தவர்களிடம் இந்த நிபந்தனையைச் சொன்னேன். காட்சிப்பொருளை மாலையில் எடுத்துக் காலையில் வைப்பது வழக்கமில்லை என்றார்கள், யோசிப்பதாகவும் சொன்னார்கள். இதற்கிடையில் பேத்தி தன் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். சென்ற கிழமை அவள் அனுப்பிய கடிதப்படி, பதினேழு துண்டுகள் இன்னாருடையவை என்று தெரிந்துவிட்டன. இரண்டு துண்டுகளைப்பற்றி உம்மம்மாவும் அவருடைய தங்கையும் வேறு வேறாகச் சொல்கிறார்களாம். யார் சொல்வதை எழுதுவது என்று கேட்டிருந்தாள். இருவர் சொல்வதையும் எழுதும்படி பதில் அனுப்பியிருக்கிறேன்.